ஏழடிச் சுவர்

பூங்காவுக்குச் சுவர் கூடாது என்பது என் கட்சி. இருபத்தாறு வருஷமாக எனக்குப் பூங்கா போடுகிற வேலைதான். எங்கே மண் கொட்டுவது, எங்கே மரம் வைப்பது, நடைபாதை எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று வரைபடம் போட்டு, அது தரைக்கு வரும்வரை பக்கத்தில் நின்று கத்துவது. கத்துவது என்பது நான் சொல்வதல்ல, என்னோடு வேலை பார்த்த எல்லோரும் சொல்வது. என் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், தும்மினால் விழும்.

சுவர்மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் அப்படிப்பட்டதல்ல, அது வருஷக்கணக்கில் ஊறியது. முன்பு நான் போட்ட பூங்காக்களில் மூன்றுக்கு, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நான் திரும்பிய பிறகு சுவர் எழுப்பினார்கள். சுவர் வந்தால் கேட் வரும். கேட் வந்தால் பூட்டு வரும். பூட்டின் சாவி யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கும், அந்த மனிதர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருப்பார். உள்ளே நான் வைத்த மகிழமரம் யாருக்கும் நிழல் கொடுக்காமல் வளர்ந்து நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

அதனால் வல்லம் வடகால் பக்கம், தொழிற்பேட்டைக்குள்ளே பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, இந்த முறை ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டேன் என்று சபதமே போட்டேன். நிலம் நீள்சதுரம். வடக்கே ஏரிக்குப் போகிற கால்வாய். கிழக்கிலும் தெற்கிலும் பேட்டைச் சாலை. மேற்கே சந்து மாதிரி ஒரு சாலை, அதைத் தாண்டி ரோஸ் நிறத்தில் ஐந்து மாடி விடுதி, தொழிற்சாலைப் பெண்கள் தங்குவது. நிலத்தைப் பார்க்கப் போன முதல் நாள் அந்த விடுதியைப் பற்றி என் நோட்டில் எழுதியது ஒரே வரி: ‘மாலை வெயிலை மறைக்கும், நல்லது.’

பேட்டையின் பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நல்ல மனிதர், ஆனால் எல்லா அதிகாரிகளுக்கும் பிடித்ததுதான் அவருக்கும் பிடித்தது. எட்டு வடிவில் நடைபாதை, நடுவிலோ மூலையிலோ ஒரு செயற்கை நீரூற்று, முகப்பில் வளைவு, சுற்றிலும் காம்பவுண்டு.

“எட்டு போடறேன் சார். வளைவும் வெச்சுக்குங்க. காம்பவுண்டு மட்டும் கிடையாது” என்றேன்.

“ஆடு மாடெல்லாம் வருமே மேடம்.”

“வரட்டுமே. வேலி கட்டி வளர்க்க இதென்ன கத்தரித் தோட்டமா?”

அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “சுவர் வேணாம், சரி. ஆனா ஃபவுண்டன் மேல கை வைக்கக் கூடாது. திறப்பு விழா அன்னிக்குத் தண்ணி பீச்சணும்” என்றார். சரி என்றேன். தெற்கு மூலையில் சதுரமாக ஒரு இடத்தை நீரூற்றுக்கு ஒதுக்கினேன். சுவரில்லாத பூங்கா என்று எங்கள் அலுவலகத்திலிருந்து டீக்கடை வரை சொல்லாத ஆள் பாக்கியில்லை.

வரைபடம் போடுவதற்கு முன் யார் யார் வருவார்கள் என்று கணக்கெடுப்பது என் வழக்கம். மூன்று மாலையும் இரண்டு காலையும் அந்தச் சாலை முனையில் நின்று, நடந்து போகிறவர்களை எல்லாம் எண்ணினேன். ஷிப்டு முடிந்து வாடகை அறைக்குப் போகும் இளைஞர்கள், டீக்கு வருகிற லாரிக்காரர்கள், வடகாலிலிருந்து கால்நடையாக வரும் பெரியவர்கள். பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ‘பெண்கள் வரத்து குறைவு, ஆர்வமும் குறைவாகத் தெரிகிறது’ என்று அறிக்கையில் எழுதினேன். எழுதியவள் ஒரு பெண். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான் எண்ணியது சாலையில் நடந்த கால்களை. ஒரு நாளைக்கு மூன்று முறை, ஷிப்டுக்கு ஷிப்டு, அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் போகும். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னல் ஓரம் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். விடுதி வாசலில் ஏறி, தொழிற்சாலை வாசலில் இறங்கி, அங்கே ஏறி இங்கே இறங்குவார்கள். சாலையில் அவர்கள் கால் படுவதே இல்லை. கால் படாதவர்களை நான் எண்ணவில்லை.

ஆவணி மாசம் ஒரு மத்தியானம், விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று சரியாக எங்கள் நிலத்துக்கு முன்னால் பஞ்சரானது. கருவேல முள்ளை எல்லாம் எடுத்து, தரையைச் சமன்படுத்தி, நீரூற்றுக்குப் பள்ளம் வெட்டியிருந்த நேரம். பெண்களை இறக்கி வரிசையாக நிற்கச் சொன்னார் கூட வந்த செக்யூரிட்டி. வரிசையிலிருந்து ஒருத்தி கழன்று நேராக என்னிடம் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் கம்பெனி ஷூ. ஸ்கூட்டர் சீட்டில் விரித்திருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

“மேடம், கபடி களத்துக்குச் சொவரு எப்பம் கட்டுவீய?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்தக் களம்?”

தெற்கு மூலைப் பள்ளத்தைக் காட்டினாள். “அதான், அந்தச் சதுரம். பஸ்சுல இருந்து தெனம் பாக்குதோம்லா. பள்ளம் வெட்டுன அன்னைக்கே எங்க ரூமுல எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன், கபடி களம் வருதுன்னு.”

“அது ஃபவுண்டன்மா. சுவரெல்லாம் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து வேணும்னாலும் நீங்க உள்ள வரலாம்.” எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா!

அவள் முகம் சுருங்கிவிட்டது. “அப்பம் நாங்க வரவே முடியாது” என்றாள்.

பஞ்சர் ஒட்டும் வரை விஷயத்தைச் சொன்னாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள், மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலை, பஸ், விடுதி, வேலை. மொட்டைமாடிக்குப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அவுட்பாஸ், அதுவும் நான்கு பேராகக் கடைக்குப் போய் வர மட்டும். பூங்காவுக்கு விடுவீர்களா என்று வார்டனிடம் முன்னாடியே கேட்டிருக்கிறாள். சுவரும் ஒரே கேட்டும் இருந்தால் விடுகிறேன், திறந்தவெளிக்கு அவுட்பாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டாராம்.

“மார்கழியோட எனக்குக் காண்ட்ராக்ட் முடியுது மேடம். பொங்கலுக்கு ஊருக்குப் போனா அடுத்து கல்யாணம்தான். அதுக்குள்ள ஒரே ஒரு நாளாச்சும் இங்கன எறங்கிரணும்னு இருந்தேன்.”

பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! அவள்மேல் இல்லை, வார்டன்மேல். அன்று மாலையே விடுதிக்குப் போய் நின்றேன்.

வார்டனுக்கும் என் வயதுதான் இருக்கும். காஞ்சிபுரம் பக்கத்து அம்மாள். மேஜைமேல் அவுட்பாஸ் நோட்டுகள் ஒருபக்கம், இரண்டு போன்கள் ஒருபக்கம். எனக்கு டீ வரவழைத்துவிட்டு நான் கத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நாலு பேர் கண்ணில் படும் திறந்த இடம்தான் பாதுகாப்பு, மூடிய இடத்தில்தான் ஆபத்து என்று நான் படித்தது, பார்த்தது எல்லாவற்றையும் கொட்டினேன்.

“நீங்க சொல்றது கரெக்டாவே இருக்கட்டும் மேடம்” என்றார். “என் பொண்ணா இருந்தா, போய் ஆடுடின்னு விட்ருவேன். இது ஊர்ப்பட்ட ஜனத்தோட பொண்ணுங்கோ. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, அப்பன் ஆத்தா எனக்குத்தான் போன் போடுவாங்க. உங்களுக்கா போடப் போறாங்க? திறந்த எடம்தான் நல்லதுன்னு ஒரு மேடம் சொன்னாங்கன்னு நான் அவங்களாண்ட சொல்ல முடியுமா?”

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். என் கொள்கையை ஒரு விடுதி விதிக்காக விடுவதா என்று வீம்பு. ஆனால் தினமும் இரண்டரை மணிக்கு அந்த பஸ் வரும். முன்னாலிருந்து மூன்றாவது ஜன்னலில் அவள் இருப்பாள். கை காட்ட மாட்டாள், என்னைப் பார்க்கவும் மாட்டாள். பள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போவாள். ஏழாவது நாள் வரைபடத்தை எடுத்து, தெற்கு மூலையில் நீரூற்றை அழித்துக் கபடி களம் போட்டேன். சுற்றி ஒரு கோடு இழுத்தேன். பென்சில் முனை ஒடிந்தது, அவ்வளவு அழுத்தம்.

பூங்கா முழுக்க வேண்டாம், அந்த மூலைக்கு மட்டும் சுவர். விடுதியைப் பார்த்தாற்போல் ஒரு கேட். மற்றதெல்லாம் திறந்தபடியே இருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்ட தவளை அதிகாரி முன்னால் போய் நின்றது. நீரூற்றை எடுத்துவிட்டுச் சுவர் கட்டலாமா என்று நான் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

“கத்தரித் தோட்டமா மேடம்?”

“சிரிச்சு முடிச்சாச்சா சார்? ஃபவுண்டன் ஒரு வருஷம் ஓடும். அப்புறம் மோட்டார் போயி, தண்ணி நின்னு, கொசுப் பண்ணையாகும். அப்ப ஜனங்க என்னைத் திட்ட மாட்டாங்க.”

அந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றது. இரண்டு வாரம் கழித்து அனுமதி வந்தது.

மேஸ்திரி உள்ளூர்க்காரர். அந்தப் பேட்டை வருவதற்கு முன் அவர்கள் குடும்பத்துக்கு அங்கேயே நிலம் இருந்தது. இப்போது மகன் கார் கம்பெனியில், இவர் கொத்து வேலையில். கிண்டலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

“இன்னா மேடம், செவுரே வோணான்னு ஊர் பூரா தமுக்கு அடிச்சிக்கினு இருந்தீங்கோ?”

“வாயைக் குறைச்சு வேலையைப் பாருங்க மேஸ்திரி.”

“பாக்கறேன். எத்தினி அடி?”

“அஞ்சடி போதும்.”

“அஞ்சடி கட்டினா நின்ன வாக்குல பாப்பானுங்கோ. ஆறடின்னா பைக்கு சீட்டு மேல ஏறிப் பாப்பானுங்கோ. ஏழாக் கட்டுங்க. வெளிப்பக்கம் காயிதப்பூ வெச்சி வுடுங்க, முள்ளுக்குப் பயந்துகினு ஒருத்தன் கிட்ட வரமாட்டான். எனுக்கும் ரெண்டு பொண்ணு கீது மேடம்.”

ஏழடி என்று எழுதிக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் சுவரின் உயரத்தை நான் யோசித்தது அதுவே முதல் தடவை.

ஐப்பசியில் அஸ்திவாரம் தோண்டினோம், தோண்டிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அது முன்பு நெல் விளைந்த களிமண். தண்ணீரைக் குடித்தால் விடாது. மோட்டார் வைத்து இறைத்தால் மறுநாள் காலை பள்ளம் பழையபடி ரொம்பி நிற்கும். கார்த்திகை முழுக்க வேலை ஓடவில்லை. பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே நின்று பஸ் போவதைப் பார்ப்பேன். ஜன்னல் மூடியிருக்கும், மூடிய கண்ணாடியை உள்ளேயிருந்து ஒரு கை துடைக்கும். வேறு எந்த வேலைக்கும் நான் இப்படித் தவித்ததில்லை. ஒரு பெண் ஒரே ஒரு நாள் கேட்டாள், அதையும் என்னால் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை.

மார்கழி பிறந்ததும் வானம் வெளுத்தது. மேஸ்திரி ஞாயிறு என்றும் பார்க்காமல் ஆட்களைக் கூட்டி வந்தார். களத்துக்கு ஓரடி ஆழம் களிமண்ணை அள்ளிவிட்டு, சலித்த செம்மண்ணும் மணலும் கலந்து போட்டோம். சுவர் ஏழடி எழும்பியது. பூச்சு பூசவில்லை, செங்கல் பல்லிளித்தது. திறப்பு விழா பொங்கலுக்குப் பிறகுதான் என்றார் அதிகாரி. “விழாவை நீங்க எப்ப வேணா வெச்சுக்குங்க சார். களம் காயுதான்னு நாலு பேரை நடக்கவிட்டுப் பார்க்கணும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நடக்க விடுங்கள் என்றார்.

வார்டனை அழைத்து வந்து காட்டினேன். சுவரோரமாக ஒரு சுற்று நடந்தார். உள்ளங்கையால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். கேட்டைச் சாத்தினார், திறந்தார்.

“தாப்பா வெளிப்பக்கம் வெச்சிருக்கீங்களே மேடம். பொண்ணுங்க உள்ள இருக்கறப்ப எவனாச்சும் வெளிய போட்டுட்டா? உள்பக்கம் வைங்க.”

அடக் கடவுளே, இது எனக்குத் தோன்றவே இல்லையே! அன்றைக்கே மாற்றினோம்.

பொங்கலுக்கு முன் இரண்டு ஞாயிறு இருந்தது. முதல் ஞாயிறு தொழிற்சாலையில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், ஒருத்தியும் வரவில்லை. பூட்டாத கேட் முன்னால் மாலை வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த ஞாயிறுதான் அவளுக்குக் கடைசி. அதற்கடுத்த செவ்வாய் ஊருக்குப் பஸ்.

அந்த ஞாயிறு நான்கு மணிக்கு விடுதிக் கதவு திறந்தது. இரண்டிரண்டு பேராக, கழுத்தில் அட்டையோடு, சாலையைக் குறுக்கே கடந்து வந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். நடுவில் அவள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எல்லோரும் உள்ளே போனதும் செக்யூரிட்டி அக்கா தாழ்ப்பாளைப் போட்டார். நான் வெளியே காகிதப்பூ கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நின்றுகொண்டேன்.

முதலில் ஒரே இரைச்சல். பிறகு ‘கபடி கபடி கபடி’ என்று ஒரு குரல் மூச்சு விடாமல் வந்தது. ஓ என்று கத்தல், கைதட்டல், மறுபடி கபடி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கால்மணி நேரம் இருக்கும். திடீரென்று சத்தம் நின்றுபோனது. ஒரு பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று ஓடிப்போய்க் கேட்டைத் தட்டினேன்.

செக்யூரிட்டி அக்கா அரையடி திறந்தார். “யாரு? கழுத்துல அட்டை கீதா?”

“நான்தான்மா இதைக் கட்டினது.”

“கட்னவங்கல்லாம் உள்ள வந்தா, அப்புறம் மேஸ்திரியும் வருவாரு. கம்முனு போங்க மேடம்.”

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. “யக்கா, அவிய நம்ம ஆளு. விடுங்க.”

உள்ளே போனேன். அத்தனை பேரும் தரையில் படுத்துக் கிடந்தார்கள். செம்மண்மேல், கை கால்களை விரித்துப் போட்டு, மல்லாந்து. ஷூக்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. துப்பட்டாக்கள் செங்கல் சுவர்மேல் தொங்கின. சில பேர் பின்னலை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். யாரும் தூங்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் களத்தின் நடுக்கோட்டுமேல் கிடந்தாள். முகமெல்லாம் மண். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா ஆச்சு? கபடி?”

“ஆடியாச்சுக்கா. கபடிதான் எங்கயும் ஆடலாமே. பள்ளிக்கூடத்துக் கிரவுண்டுல ஆம்பளைய பாக்கையில கூட ஆடியிருக்கோம்.” மூச்சு வாங்கியது. “இப்பிடி வெளிய படுத்துக் கெடக்க எங்கன முடியும், சொல்லுங்க?”

நான் போட்ட பூங்காக்கள் ஒவ்வொன்றாக மனசில் ஓடின. ஒவ்வொன்றிலும் மரத்தடியில் ஆண்கள் படுத்திருக்கிறார்கள். முகத்தில் பேப்பரை மூடிக்கொண்டு, சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு. அவர்களுடைய கால்களைத் தாண்டிக்கொண்டு போய் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு பெண் படுத்திருந்து நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தியைக்கூட. நானும்தான் எத்தனை உச்சி வெயிலில், எத்தனை முதுகு வலியோடு, என் கையால் போட்ட புல்தரை ஓரத்தில் நின்றிருக்கிறேன். ஒரு தடவையாவது படுத்தேனா? படுக்கலாம் என்று தோன்றவாவது செய்ததா? திறந்த பூங்கா, எல்லோருக்கும் பூங்கா என்று ஊரெல்லாம் தமுக்கு அடித்தவள் நான்.

“நின்னுக்கிட்டே இருக்கியளே, படுங்கக்கா” என்றாள், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு.

பழக்க தோஷம், யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். நான்கு பக்கமும் பூசாத செங்கல்தான் இருந்தது. வரைபடத்தைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, புடவையை இழுத்துவிட்டு, முழங்கால் முனக மெல்லப் படுத்தேன். மண் வெதுவெதுவென்று முதுகில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. செக்யூரிட்டி அக்கா விசில் ஊதினார். யாரும் அசையவில்லை. மறுபடி ஊதினார்.

“இன்னும் அஞ்சு நிமிஷம்!” என்று ஒருத்தி போட்டாள் ஒரு கத்தல். சுற்றிலும் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கத்தியவள் நான்தான்.